விரல் எங்கே நிற்கிறது?

புத்தகத்தில் 'கொக்கு' என்று இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பையன் 'கெக்கு' என்கிறான். "கொக்குடா" என்று திருத்திவிட்டு டீச்சர் அடுத்த சொல்லுக்குப் போகிறார். ஈராசிரியர் பள்ளி, மூன்று வகுப்புப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கும் அவன் 'கெக்கு' என்றுதான் படிப்பான்.

குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான் ஆசிரியர் பயிற்றுநர். இதைப் பார்த்தது வீடியோ காலில். டீச்சர் செல்போனைச் சாக்பீஸ் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார். பிள்ளையின் முகம் வேண்டாம், கையும் புத்தகமும் தெரிந்தால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவன் விரல் ஒற்றைக்கொம்பைத் தொட்டது, ககரத்தைத் தொட்டது, துணைக்காலைத் தாண்டிப் போய்விட்டது. கொம்பும் காலும் சேர்ந்துதான் அந்த ஒரே எழுத்து என்பது அவனுக்குப் பிடிபடவில்லை.

"டீச்சர், 'கொ'ன்னு பெரிசா எழுதுங்க. காலைத் தாளால மூடிப் படிக்கச் சொல்லுங்க, அப்புறம் திறந்து படிக்கச் சொல்லுங்க. நீங்க சொல்லிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க."

அடுத்த வாரம் தொட்டில், பொம்மை எல்லாம் அவனுக்குத் தடுமாறாமல் வந்தன.

2022 ஜூனில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. அதற்கான பயிற்சியும் நடக்கிறது. ஆனால் பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் ஆசிரியர் வகுப்பில் தனி ஆள். இந்தக் குறிப்பிட்ட பிள்ளை ஏன் திணறுகிறான் என்று கூட உட்கார்ந்து பார்க்க அங்கே யாரும் இல்லை.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் லின் வெர்னன்-ஃபேகன்ஸ் குழு, தொலைவிலிருந்தே இப்படிக் கூட இருந்து பார்ப்பதை முறையாகச் செய்து பார்த்தது. கிராமப்புற ஆசிரியர், திணறும் பிள்ளை ஒன்றோடு பதினைந்து நிமிடம் தனியாக உட்காருவார். தொலைவிலிருக்கும் பயிற்றுநர் மடிக்கணினி கேமரா வழியே பார்த்து வழிசொல்வார். 2013இல் வெளியான ஆய்வில், உதவி கிடைக்காத வகுப்புகளின் திணறும் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, பயிற்றுநர் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில்லை என்பதுதான். கூர்மையாவது ஆசிரியரின் கண். பயிற்றுநர் போன பிறகும் அது பள்ளியிலேயே இருக்கும்.

தூரத்தை வெல்லும் வழியை எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1991-92இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இன்று அந்தத் தூரத்தைச் செல்போன் கடக்கிறது. சிக்னல் எடுக்காத ஊர்களில் டீச்சர்கள் மூன்று நிமிட வீடியோ எடுத்து, மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

அந்தப் பதினைந்து நிமிடம் மற்ற பிள்ளைகளை என்ன செய்வது? மலர்நிலைப் பிள்ளை, அரும்புநிலைப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டட்டும், இருவருக்குமே பயன். சிக்கல் நேரத்தில்தான். வாரம் அரை மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே இதற்கென்று ஒதுக்க வேண்டும். அந்த அரை மணியில் ஆசிரியரைக் கூட்டத்துக்கு அழைக்கக் கூடாது, ஆன்லைன் பதிவும் கேட்கக் கூடாது.