ஒவ்வொரு நெல்மணியாகவா சுமப்பது?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கிருந்து சுமார் 240 மீட்டர் உயர உச்சிக்கு நெல்லை ஒவ்வொரு மணியாகவா ஏற்றியிருப்பார்கள்? ஜாவா நிரலில் நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். ஒரு கோப்பை 'ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம்' கொண்டு ஒவ்வொரு பைட்டாகப் படித்தால், ஒவ்வொன்றுக்கும் இயக்க அமைப்பை ஒருமுறை அழைக்க வேண்டும். 'செஞ்சி' என்ற மூன்றெழுத்துச் சொல்லே யூடிஎஃப்-8 முறையில் 18 பைட்டுகள்! ச, கொம்பு, ஞ, புள்ளி, ச, இகரக் குறி, ஒவ்வொன்றுக்கும் மூன்று. எண்ணிப் பாருங்கள்.

'பஃபர்டுரீடர்' மூட்டையாகக் கொண்டுவருகிறது. வழக்கமாக 8192 குறிகள் கொள்ளும் நினைவகப் பகுதியை நிரப்பிக்கொண்டு, 'ரீட்லைன்' என்று கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தரும். 2022-இல் வந்த ஜாவா 18-க்கு முந்தைய பதிப்பானால் யூடிஎஃப்-8 என்று நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் சில கணிப்பொறிகளில் செஞ்சி வெறும் கிறுக்கலாகத் தெரியும்.