2007-லும் 200 ரூபாய்... இப்போதும் 200 ரூபாய்! முதியோர் உதவித்தொகையில் நடக்கும் சத்தமில்லாத வெட்டு

எங்கள் தெருக்கோடியில் தனியாக வசிக்கும் பாட்டி ஒருவர், மாதம் பிறந்ததும் தன் பட்டன் போனை என்னிடம் நீட்டுவார். "கண்ணு, ஓ.ஏ.பி பணம் ஏறிடுச்சான்னு பாரு." மெசேஜ் வந்திருந்தால் அன்றைக்கு அவர் முகமே வேறு. பிரஷர் மாத்திரை, எண்ணெய், பால், கரன்ட் பில் என்று அந்த 1,200 ரூபாய்க்கு அவரிடம் தயாராக ஒரு கணக்கு இருக்கும். யாரிடமும் கையேந்தாமல் மாதத்தை ஓட்டுகிறோம் என்கிற நிம்மதியும் அந்தப் பணத்தில்தான் இருக்கிறது.

அந்த 1,200 ரூபாயில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? மத்திய அரசுத் திட்டப் பட்டியலில் இருக்கும், 60 முதல் 79 வயது வரையிலான ஒருவருக்கு, வெறும் 200 ரூபாய். மீதி 1,000 ரூபாயைத் தமிழ்நாடு அரசு போடுகிறது.

200 ரூபாயை 30 நாளுக்குப் பிரித்தால், ஒரு நாளைக்கு 6 ரூபாய் 67 காசு. பல ஊர்களில் ஒரு டீக்குக்கூட இது போதாது.

எப்போது நிர்ணயித்த தொகை இது?

1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது மத்திய அரசு. 2007-ல் அது இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டமாக மாறியபோது தொகை 200 ரூபாய். 2011-ல் தகுதி வயதை 65-லிருந்து 60-ஆகக் குறைத்தார்கள். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு 500 ரூபாய் என்றார்கள். 2012-ல் கணவரை இழந்த பெண்களுக்கான தொகை 300 ரூபாயானது. அதோடு சரி. ஆட்சி மாறியது, பட்ஜெட்டுகள் வந்துபோயின. இந்த எண்கள் மட்டும் நகரவில்லை.

வீட்டு பட்ஜெட் போடுபவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். 2007-ல் சமையல் கேஸ் சிலிண்டர் 300 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2025-ல் சென்னையில் அது 850 ரூபாயைத் தாண்டிவிட்டது. அன்றைக்குப் பாட்டியின் 200 ரூபாய் சிலிண்டர் விலையில் பாதிக்கு மேல். இன்றைக்குக் கால்வாசிகூட இல்லை.

ஒரு திட்டத்தை ரத்து செய்தால் போராட்டம் வெடிக்கும், டி.வி-யில் விவாதம் நடக்கும். ஆனால், தொகையை அப்படியே விட்டுவிட்டால் போதும், விலைவாசியே அதைத் தின்றுவிடும். யாரும் எந்த உத்தரவிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இதுவும் வெட்டுதான்.

அவர்களுக்கு உயர்கிறதே?

விலைவாசிக்கு ஏற்ப பணத்தை உயர்த்துவது அரசுக்குத் தெரியாத வித்தை இல்லை. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கிடப்படுகிறது. எம்.பி-க்களின் சம்பளத்தையும் 2018-ல் பணவீக்கக் குறியீட்டோடு இணைத்துவிட்டார்கள். அதன்படி 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பில் 1 லட்சம் ரூபாய் சம்பளம் 1.24 லட்சமானது. முன்னாள் எம்.பி-க்களின் ஓய்வூதியம் 25,000-லிருந்து 31,000 ரூபாய் ஆனது. கூடுதலாகக் கிடைத்த அந்த 6,000 மட்டுமே, ஒரு முதியவரின் 200 ரூபாயைப்போல 30 மடங்கு!

அவர்களுக்கு உயர்த்தியது தவறு என்று சொல்லவில்லை. விலைவாசி எல்லோருக்கும்தானே ஏறுகிறது என்றுதான் கேட்கிறோம்.

பிறந்த மாநிலம்தான் தலையெழுத்தா?

"மாநிலங்கள் சேர்த்துக் கொடுக்கட்டுமே" என்பது வழக்கமான பதில். கொடுக்கத்தான் செய்கின்றன. தமிழ்நாடு 2023 ஆகஸ்ட்டில் 1,000 ரூபாயை 1,200 ஆக்கியது. ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய். கேரளாவில் 2025 நவம்பர் முதல் 2,000. பீகாரிலோ 2025 ஜூலையில்தான் 400 ரூபாய் 1,100 ஆனது, அதுவும் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு. முதுமை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால், கிடைக்கும் பணம் மாநிலத்தின் கஜானாவையும் தேர்தல் தேதியையும் பொறுத்ததாக இருக்கிறது. முதுமையில் அரசு உதவி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 41-வது பிரிவு சொல்வது நாடு முழுமைக்கும்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய அரசு பணம் தரும் முதியோர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறது, நாடு முழுக்க சுமார் 2.2 கோடி. முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும், பட்டியல் நீளவில்லை. புதிதாக ஒருவர் விண்ணப்பித்தால், மாநில அரசு தன் செலவில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால், பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

பொருளாதார அறிஞர்கள் 2017 டிசம்பரில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லிக்குக் கடிதம் எழுதினார்கள். 2018-ல் மறுபடியும் எழுதினார்கள். 2022-ல் நிர்மலா சீதாராமனுக்கு எழுதினார்கள். அவர்கள் கேட்டது, மத்திய அரசின் பங்கைக் குறைந்தது 500 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்பதுதான். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் தொகையை உயர்த்தும்படி திரும்பத் திரும்பப் பரிந்துரைத்துவிட்டது.

நாமே கணக்குப் போடலாம். 2.2 கோடி பேருக்கு மாதம் 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், ஆண்டுக்குச் சுமார் 8,000 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஆனால், 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்த மதிப்பு 50 லட்சம் கோடிக்கும் மேல். அரசு செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 16 காசு ஒதுக்கினால் போதும்.

போலிப் பயனாளிகள் இருக்கிறார்களே என்பார்கள். இருந்தால் நீக்கட்டும். அதற்காக உண்மையான பயனாளிக்கு 2007-ன் தொகையையே கொடுப்பது என்ன நியாயம்?

உங்கள் தெருவிலும் மாதம் பிறந்ததும் போனை நீட்டும் ஒரு பாட்டி இருக்கலாம். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர் என்றால், இ-சேவை மையத்துக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். அடுத்த முறை உங்கள் எம்.பி ஓட்டுக் கேட்டு வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த 200 ரூபாய் எப்போ சார் ஏறும்?"