தகவல் குழாயில் ஓட்டை! கண்டுபிடிப்பது யார்?



ஒரு நாட்டின் கொரோனா கணக்கிலிருந்து 15,841 நோயாளிகள் சத்தமில்லாமல் காணாமல் போக முடியுமா? போனார்கள்! 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் இது நடந்தது. திருடனும் இல்லை, வைரஸ் புரோகிராமும் இல்லை. ஒரு பழைய எக்செல் கோப்புதான் காரணம். எப்படின்னு சொல்றேன், வாங்க.

டேட்டா பைப்லைன் என்றால் என்ன?

நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக் குழாய்க்குத் தண்ணீர் வருது இல்லையா? அதே மாதிரி, தகவல் பிறக்கும் இடத்திலிருந்து அது தேவைப்படும் இடம் வரை ஓடிவரும் வழிக்குப் பெயர்தான் டேட்டா பைப்லைன். தமிழில் தகவல் குழாய் என்று வைத்துக்கொள்வோம். வழியில் தகவலைச் சுத்தம் செய்வார்கள், கூட்டுவார்கள், அடுக்குவார்கள். ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, வானிலை அறிக்கை எல்லாம் இப்படித்தான் நம்மிடம் வந்து சேருகின்றன.

இங்கிலாந்தில் நடந்தது என்ன?

பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளைக் கோப்புகளாக அனுப்பின. அப்போது அங்கிருந்த பொது சுகாதார அமைப்பின் கணினி, அவற்றைத் தானாகவே எக்செல் கோப்பில் ஏற்றியது. ஆனால் அது பழைய வகைக் கோப்பு. அதில் 65,536 வரிகள்தான் கொள்ளும். (2-ஐ 16 தடவை பெருக்கிப் பாருங்க, இதே எண் வரும்!) ஒரு நோயாளிக்கே பல வரிகள் தேவைப்பட்டதால், ஒரு கோப்பில் சுமார் 1,400 பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் வந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள்.

நோயாளிகளுக்கு அவர்களுடைய முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும் குழுவுக்குத் தகவல் நேரத்தில் போகவில்லை. தனக்குத் தொற்று வந்திருக்கலாம் என்பதே தெரியாமல் எத்தனை பேர் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போயிருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழாய் தானாகத்தான் ஓடியது. ஆனால் அது சரியாக ஓடுகிறதா என்பதைத் தானாகச் சோதிக்க ஆள் இல்லை. வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தால் போதாது. சரிபார்ப்பதையும் சேர்த்துக் கொடுக்கணும். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

எப்படிச் சோதிப்பது?

பரீட்சை ஹாலில் மணி அடித்ததும் மேற்பார்வையாளர் விடைத்தாள்களை எண்ணுவார். 20 பேர் எழுதினால் 20 தாள் இருக்கணும். ஒன்று குறைந்தாலும் யாரும் வெளியே போக முடியாது. தகவல் குழாய்க்கும் இதே சட்டம்தான்.

1. எண்ணிக்கைச் சோதனை: உள்ளே வந்த வரிகளும் வெளியே போன வரிகளும் சமமா? இல்லையென்றால் உடனே நிறுத்து, மணி அடி.

2. பொறி வைத்த சோதனை: விடை நமக்கே தெரிந்த ஒரு சின்னப் பட்டியலைக் கொடுப்பது. அதில் வேண்டுமென்றே வயது 170, தேதி பிப்ரவரி 31, ஒரே பெயர் இரண்டு தடவை என்று போட்டு வைப்பது. குழாய் கண்டுபிடிக்குதா பார்ப்போம்!

3. சுமைச் சோதனை: தினமும் வருவதைப் போல பல மடங்கு தகவலை முன்கூட்டியே ஊற்றிப் பார்ப்பது. 70,000 வரிகள் ஊற்றிப் பார்த்திருந்தால் அந்தப் பழைய கோப்பின் குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும்.

இவற்றை ஒரு தடவை புரோகிராமாக எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு யார் எந்த மாற்றம் செய்தாலும், ஒரு கமா மாறினாலும்கூட, எல்லாச் சோதனைகளும் தானாக ஓடும். ஒன்று ஃபெயிலானாலும் அந்த மாற்றம் உள்ளே போகாது. எண்ணிக்கைச் சோதனை மட்டும் தினமும் தகவல் வரும்போதெல்லாம் ஓடணும். மனிதனுக்குத் தூக்கம் வரும், அவசரம் வரும். ஆயிரமாவது தடவையும் இயந்திரம் முதல் தடவை மாதிரியே பார்க்கும்.

நிறுவுவதும் தானாக!

சோதனையில் பாஸான புரோகிராமை வேலை செய்யும் கணினிகளில் ஏற்றுவதற்கு டிப்ளாய்மென்ட் என்று பெயர். இதைக் கையால் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம், பங்குச் சந்தையிலிருந்து. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம் புதிய புரோகிராமை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் 7-இல் ஏற்றினார். எட்டாவது விட்டுப்போனது! அதை இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், அந்த எட்டாவது சர்வரில் கிடந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் வந்த வினை, 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்!

இயந்திரமே ஏற்றினால், எட்டிலும் ஒரே மாதிரி ஏற்றிவிட்டு, "உன்னிடம் எந்தப் பதிப்பு இருக்கு?" என்று ஒவ்வொன்றையும் கேட்கும். ஒன்று தவறாகச் சொன்னாலும் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடும். ஜென்கின்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன.

அப்படின்னா மனிதன் எதுக்கு?

நாம் எழுதிக் கொடுத்த சோதனையை மட்டும்தான் இயந்திரம் செய்யும். "வயது 170 இருக்காது" என்று அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்லணும். புதிதாக ஒரு தவறு வந்தால், அதைத் திருத்துவதோடு விடாமல், அதற்கும் ஒரு சோதனை எழுதிச் சேர்க்கணும். அப்போதுதான் அதே தவறு மறுபடி எட்டிப் பார்க்காது.

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். வரி தொலைந்தால் அவரும் தொலைகிறார்!

உங்களுக்கு ஒரு கேள்வி: நம் பள்ளி விளையாட்டு விழாவின் புள்ளிப் பட்டியலைக் கணினியில் ஏற்றப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூன்று சோதனைகளை வைப்பீர்கள்? எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள். நல்ல விடைகளை அடுத்த இதழில் எழுதுகிறேன்.