வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு: சைக்கிளில் ஒரு மலைப்பயணம்

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களில் தாய்மாரின் காதில் இப்படியொரு கேள்வி விழும். "உம்மா, நாங்கள் நாலைந்து பேர் சைக்கிளில் எல்லவுக்குப் போகப் போகிறோம். போகட்டுமா?" கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிடும். "வேண்டாம். மலைப்பாதை!" அடுப்படி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகளோ, தானும் போகலாமா என்று கேட்பதற்குக்கூட வாய் திறப்பதில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

சகோதரிகளே, தாயின் பயத்தைக் குறை சொல்ல இங்கு வரவில்லை. ஆனால் இந்தப் பாதையைப் பொறுத்தவரை, நாம் பயப்படும் இடம் ஒன்றாகவும் பயப்பட வேண்டிய இடம் வேறொன்றாகவும் இருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொண்டால், பிள்ளைக்கு "வேண்டாம்" என்று சொன்னாலும் காரணத்தோடு சொல்லலாம். "போ" என்று சொன்னாலும் நிம்மதியாகச் சொல்லலாம்.

முதலில் பாதையைப் பார்ப்போம். நம் நாடு சிறியதுதான். என்றாலும் வறண்ட நிலத்தில் புறப்பட்டுத் தேயிலை மலையில் போய் முடியும் பயணம் ஒன்றை மூன்று நாட்களில் செய்துவிடலாம். புறப்படும் இடம் அம்பாந்தோட்டை. உப்பளங்களும், முட்புதரும், மலாய் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உள்ள ஊர். சம்பான் படகுகள் வந்து நின்றதால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். கொழும்பில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிகூட அங்கே பெய்வதில்லை. பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் பகல் பதினொரு மணிக்குச் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்!

அங்கிருந்து திஸ்ஸமகாராம ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முதல் நாளுக்கு அது போதும். எருமைத் தயிரும் கித்துள் பாணியும் அந்தப் பக்கத்தில் கிடைப்பது போல் வேறெங்கும் கிடைக்காது என்பது என் கட்சி. வீட்டுக்கு ஒரு தயிர்ச்சட்டி வாங்கி வரச் சொல்லலாம்தான், ஆனால் சைக்கிளில் கட்டி மலையேற்றினால் சட்டி மட்டும்தான் வந்து சேரும்.

இரண்டாம் நாள் லுணுகம்வெஹெர, தணமல்வில வழியாக வெல்லவாய வரை சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை. வெயில்தான் எதிரி. சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு லுஹருக்கு முன்னே ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். பகலில் தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. ஒரு போத்தல் தண்ணீரில் சிறிதளவு உப்பும் சீனியும் தேசிக்காய்ச் சாறும் கலந்து கொடுத்தனுப்புங்கள். கடையில் விற்கும் கலர் பானங்களைவிட அது மேல்.

இந்தப் பகுதியில் யானைகள் உண்டு. மாலையிலும் அதிகாலை இருளிலும் அவை பாதையைக் கடக்கும். கதிர்காமத்திலிருந்து புத்தல வழியாகப் போனால் குறுக்குவழி என்று யாராவது பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். யால வனத்தை ஒட்டிச் செல்லும் அந்தப் பாதையில் வாகனங்களை மறித்துத் தீன் கேட்கப் பழகிய யானைகள் நிற்கின்றன. பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை. சைக்கிளில் இருப்பவனுக்கு ஒளிந்துகொள்ளக் கதவு ஒன்றில்லை. அந்த வழி வேண்டவே வேண்டாம். இதில் பிள்ளையோடு வாதாட வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்தான் நம் விஷயம். வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்ல 1,040 மீட்டர். இடையில் இருப்பது 27, 28 கிலோமீட்டர் பாதை. அதாவது ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தை ஒரே முற்பகலில் ஏற வேண்டும். கேட்டதும் மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு அடி முன்னால் போனால் சராசரியாக மூன்றடி மேலே போகிறோம், அவ்வளவுதான். தொடக்கத்தில் அதைவிடக் குறைவு. கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில்தான் பாதை நெஞ்சை நிமிர்த்தும். கியர் உள்ள சைக்கிள் என்றால் சிறு கியரில் போட்டு, பேச முடிகிற வேகத்தில் மிதித்தால் போதும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். தள்ளுவதில் என்ன வெட்கம்? கியர் இல்லாத பழைய சைக்கிளாக இருந்தால் பாதி வழி தள்ளத்தான் வேண்டியிருக்கும்.

ஏற ஏற உடம்புக்கே மாற்றம் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு பாகை குறையும் என்பது பள்ளிப் பாடம். அது தோலில் தெரிவது இந்தப் பாதையில்தான். புழுதி போய்ப் பசுமை வருகிறது. எல்லவுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது பாதையோரத்திலேயே இராவணன் நீர்வீழ்ச்சி. 'எல்ல' என்ற சிங்களச் சொல்லுக்கே நீர்வீழ்ச்சி என்றுதான் பொருள். அங்கே இளைப்பாறலாம், படம் எடுக்கலாம். பாறையில் ஏறிக் குளிப்பது மட்டும் கூடாது. அந்த வழுக்குப் பாறைகளில் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பையைக் குரங்கிடமிருந்து காப்பதும் ஒரு வேலை.

ஊவா மலைகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மேற்கே நுவரெலியாப் பக்கம் மழை கொட்டும்போது இங்கே மழை இருக்காது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் ஈரத்தை இறக்கிவிட்டு, வறண்டு சூடாகி இந்தப் பக்கம் இறங்குகிறது. கிழக்கில் உள்ளவர்கள் கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். இந்த வறண்ட காற்றில்தான் கொழுந்தின் வாசனை செறிகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் கிடைத்தது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான அந்தப் பறிப்பினால்தான். தேயிலைக்கு நல்ல அதே காற்று சைக்கிளுக்கு நல்லதல்ல. மலையிடைவெளியில் திடீரென்று வீசிப் பாதையின் நடுவுக்குத் தள்ளிவிடும். ஆகவே பெப்ரவரி, மார்ச் மாதங்களே நல்லவை. நவம்பர், டிசம்பரில் அடைமழை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. மழைக்காலத்தில் இம்மலைகளில் உல்லாசப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்றக் காலங்களிலும் பாதை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி, பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஏறும்போது பிள்ளைக்குக் களைப்பு வரும். ஆபத்து காத்திருப்பது இறங்கும்போதுதான். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று இதே எல்ல–வெல்லவாயப் பாதையில் பள்ளத்தில் விழுந்து பதினைந்து உயிர்கள் போயின. அந்த வண்டியும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

சைக்கிளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 850 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மனிதனும் வண்டியும் மூட்டையும் கீழே வரும்போது, பிறக்கும் வேகமெல்லாம் எங்காவது போயாக வேண்டும். சாதாரண சைக்கிளில் அது பிரேக்கின் சின்ன ரப்பர்க் கட்டைகளுக்கும் சக்கரத்தின் வளையத்துக்கும் இடையில் சூடாக மாறுகிறது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் வளையம் தொட முடியாதபடி கொதிக்கும். டியூப் வெடிக்கலாம். ரப்பர் தேய்ந்து பிடிப்பு இல்லாமல் போகலாம். மழையில் நனைந்தால் இரண்டு மடங்கு தூரம் ஓடியபின்தான் நிற்கும். ஆகவே விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று சக்கரத்தை ஆறவிட வேண்டும். இளரத்தம் இதைக் கேட்குமா? கேட்காது! அதனால் என் யோசனை, ஏறிப் போகட்டும், இறங்க வேண்டாம். திரும்பி வரும்போது சைக்கிள்களை ஒரு சிறு லொறியிலோ வேனிலோ ஏற்றி வரட்டும். அந்த வாடகைப் பணத்தைப் பயணச் செலவின் முதல் கணக்காக நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது அடுப்படி வாசலில் நிற்கும் மகளிடம் வருவோம். "பெண்பிள்ளையால் முடியுமா?" என்று கேட்பவர்கள், எல்லவைச் சுற்றியுள்ள தோட்டங்களைப் பார்க்கட்டும். முதுகில் கொழுந்துக் கூடையோடு அந்தச் சரிவுகளில் காலை முதல் மாலை வரை ஏறி இறங்குவது யார்? சைக்கிளே ஓட்ட முடியாத செங்குத்துகளில் நம் மலையகச் சகோதரிகள்தான். ஆகவே பலம் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம்.

பழக்கம் பற்றிய கேள்விக்கு, நமக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டை இருக்கிறது. தமிழ்நாட்டின் அந்த வறண்ட மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவரும் ஒரு பெண்மணி, ஷீலா ராணி சுங்கத். 1992இல் மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு 1,500க்கும் அதிகமான பெண்கள் ஊர்வலம் போனார்கள். கற்றுக்கொண்டவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியபோது ஒரு சுவையான விஷயத்தைக் குறித்தார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பட்டபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். பிறகு அதையே விரும்பவும் தொடங்கினார்கள். காரணம், நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! தாய்மாரின் மூளை எங்கே வேலை செய்கிறது பாருங்கள்.

நீண்ட உடையோடு மலையும் பாலையும் கடந்தவரும் உண்டு. அமெரிக்காவின் ஃபேனி வொர்க்மேன் என்ற பெண்மணி, 1890களில் கணவரோடு சைக்கிளில் அல்ஜீரியாவின் அட்லஸ் மலையைத் தாண்டி சஹாராவின் விளிம்பு வரை போனார். பின்னர் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, 14,000 மைல் சைக்கிள் பயணத்தைப் புத்தகமாக 1904இல் வெளியிட்டார். அந்தக் காலத்துப் பாவாடைதான் அவருடைய உடை. அவருக்குப் பணமும் இருந்தது, துணைக்குக் கணவரும் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைக்கும் துணை இருக்கட்டும். வாப்பாவோ நானாவோ கூட மிதித்து வரட்டும். ஒட்டகத்தில் பாலை கடந்த அரபுப் பெண்களின் வரலாற்றை மேடையில் சொல்லும் நாம், சைக்கிளைக் கண்டு ஏன் திகைக்க வேண்டும்?

உடையில் கவனம் வேண்டும். தொளதொளத்த அபாயா சங்கிலியிலோ பின்சக்கரத்திலோ சிக்கினால் விழுவது உறுதி. முழங்காலுக்குக் கீழ் வரும் தளர்ந்த மேலாடையும் கணுக்காலில் இறுக்கிய சல்வாரும் நல்லது. சங்கிலிக்கு மூடி, பின்சக்கரத்துக்கு வலை போட்ட சாரி கார்டு இரண்டும் பொருத்தச் சொல்லுங்கள். முந்தானையின் நுனிகளை உள்ளே செருகி, மேலே ஹெல்மெட். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டுத் தெருவில் தினமும் ஓடிப் பழகட்டும். பழகாமல் புறப்பட்டால், அது மகனாக இருந்தாலும் தடுங்கள்.

வழிச் சாப்பாடு உங்கள் கையில். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், ஏறும்போது நெஞ்சைக் கரிக்கும். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், பேரீச்சம்பழம் போதும். பை முதுகில் தொங்கினால் தோள் வலிக்கும். பின்னால் கரியரில் கட்டுங்கள். பஞ்சர் ஒட்டும் பெட்டி, காற்றடிக்கும் பம்பு, ஒரு டியூப் இவற்றை மறந்துவிட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான். வெல்லவாய தாண்டினால் சைக்கிள் கடையைத் தேட வேண்டும்.

எல்லவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்பது வளைவுப் பாலம், சிறிய சிவனொளிபாதம் என்று பார்க்க எத்தனையோ இருக்கின்றன. அவை பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது இரவைப் பற்றி. இஷா தொழுத பிறகு, வானம் தெளிந்திருந்தால், மலையிடைவெளி திறக்கும் தெற்குத் திசையில் பிள்ளைகள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஏறி வந்த சமவெளி இருளில் விரிந்து கிடக்கும். அதற்கும் அப்பால், கிரிந்தைக் கரையைத் தாண்டிக் கடலில் நிற்கும் கலங்கரை விளக்கின் ஒளி சில இரவுகளில் அங்கிருந்தே தெரியும் என்பார்கள். மூன்று நாட்களுக்கு முன் அவர்கள் புறப்பட்டது அந்தக் கரையோரத்திலிருந்துதான்.