பழைய கம்ப்யூட்டரும் பழைய படங்களும்

நம் சங்க உறுப்பினர்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். பிள்ளைகள் படிக்கும் காலத்தில் வாங்கியது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் மட்டும் மூலையில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த ஆல்பங்களை ஸ்கேன் செய்து, கீறல் நீக்கி, மங்கிய நிறத்தைச் சரி செய்யலாம் என்று உட்கார்ந்தால், ஒரு படம் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கவா?" என்று அன்பர்கள் பலர் என்னைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை என்பதே என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு படத்தின் எடை

ஆறுக்கு நாலு அங்குலப் படம் ஒன்றை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் 3600 x 2400 புள்ளிகள் கிடைக்கும். அதாவது 86 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட்டுகள். ஆக ஒரு படம் திறந்த நிலையில் சுமார் 26 மெகாபைட். 24 மெகாபிக்சல் காமிரா படமென்றால் 72 மெகாபைட். நாம் திருத்தும்போது அடுக்கு அடுக்காக வேலை செய்கிறோம். செய்ததை மாற்றிக்கொள்ள வசதியாக, முந்தைய நிலைகளையும் மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரே படம் அரை ஜிகாபைட்டைச் சாதாரணமாக விழுங்கிவிடும்.

அடுக்களை மேடையும் பரணும்

ரேம் என்பது அடுக்களை மேடை மாதிரி. ஹார்ட் டிஸ்க் பரண் மாதிரி. சமைக்கும் சாமான் எல்லாம் மேடையில் இருந்தால் வேலை மளமளவென்று நடக்கும். மேடை சிறியதென்றால் ஒவ்வொன்றுக்கும் பரணில் ஏறி இறங்க வேண்டும். ரேம் நிறைந்தவுடன் கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்து வருகிறது. சமைப்பவர், அதாவது பிராசசர், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

அந்தப் பரண் எவ்வளவு மெதுவானது? நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். படிக்கும் முள்ளும் இடம் விட்டு இடம் நகர வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் கோப்புகளை வினாடிக்குச் சுமார் நூறு முறைதான் எட்ட முடியும். எஸ்.எஸ்.டி. என்ற சிப் வகைச் சேமிப்பில் சுற்றும் தட்டே கிடையாது. அது இதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது.

முதலில் நோய் அறிதல்

எதையும் வாங்குமுன் ஒரு சோதனை. வழக்கமாகத் திருத்தும் படத்தைத் திறந்து வேலை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதிதான், ஆனால் டிஸ்க் 100 என்று காட்டினால் டிஸ்க்தான் தடை. இரண்டும் சும்மா இருக்க, பிராசசர் மட்டும் உச்சத்தில் நின்றால் அதன் வலிமை போதவில்லை. அப்போதுதான் புது கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஊர் வீட்டை விற்றபோது வந்து சேர்ந்த ஆல்பங்களில் சுமார் அறுநூறு படங்கள். அவற்றில் யார் யார் என்று அடையாளம் சொல்லக்கூடியவர் இன்று எங்கள் அத்தை ஒருவர்தான். எண்பத்து நாலு வயது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் காட்டினால், அது திறக்க ஒரு நிமிடம், நகர அரை நிமிடம். நாலாவது படத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்ப்பா" என்று எழுந்துவிடுவார். வேகம் எங்களுக்கு ஆடம்பரமாக இல்லை.

சோதித்ததில் மெமரியும் டிஸ்க்கும் சேர்ந்தே நிரம்பி நின்றன. ஒரு சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யும், 8 ஜிபி ரேம் இரண்டும் போட்டோம். வேறெதையும் மாற்றவில்லை. இயங்கத் தொடங்க நாலு நிமிடம் பிடித்த இயந்திரம் அரை நிமிடத்தில் தயாராகிறது. படங்கள் சில வினாடிகளில் திறக்கின்றன. அத்தை ஒரே மாலையில் முப்பத்தைந்து படங்களுக்குப் பெயர் சொன்னார்.

வாங்கும்போது

ரேமில் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மதர்போர்டு எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதையும் பாருங்கள். ஒன்றாக வாங்குவதைவிட ஒரே மாதிரி இரண்டாக வாங்குவது நல்லது. இரு வழியாக ஒரே நேரத்தில் தகவல் போய்வரும். லேப்டாப்புக்கு வேறு அளவு. சிலவற்றில் ரேமை மாற்றவே முடியாதபடி பற்றவைத்திருப்பார்கள்.

கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்லிக் கடையில் வற்புறுத்தலாம். கீறல் நீக்கவும் நிறம் திருத்தவும் அது அவசியமில்லை. பழைய பெட்டியின் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்பதும் கேள்வி. அதைவிட, மின்விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பது பலன் தரும். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தைய இயந்திரத்தில் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். கிம்ப், டார்க்டேபிள் ஆகிய படத்திருத்த மென்பொருள்கள் அதில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெட்டியைத் திறக்குமுன்

எல்லாப் படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும். பத்து வருட ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். கழற்றிய டிஸ்க்கை ஓர் உறையில் போட்டு இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பக் கூடாது. எஸ்.எஸ்.டி.யும் மின்சாரமே காணாமல் வருடக்கணக்கில் பீரோவில் கிடந்தால் தகவலை இழக்கக்கூடும். ஒரு பிரதி வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருப்பது உத்தமம்.

மும்பை அன்பர்களுக்கு கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகே லாமிங்டன் ரோடு இருக்கிறது. டில்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. ரோடு. விலை அடிக்கடி மாறுவதால் மூன்று கடைகளில் கேளுங்கள். பழைய ரேமின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். உத்தரவாதம் அதில்தான் இருக்கிறது. ஐயம் உள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தச் சீட்டின் படத்தைக் கொண்டுவந்தால், எது பொருந்தும் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.