எண்ணூரில் எண்ணெய்... டெல்லியில் சஸ்பெண்ட்! - கட்சிச் சண்டையில் வடசென்னை இழப்பது என்ன?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. வெள்ளம் வடிவதற்குள் அடுத்த அடி. மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள்.

அதே நேரத்தில் டெல்லியில் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 13-ல் மக்களவைக்குள் இருவர் குதித்து வண்ணப்புகை வீச, 'உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும்' என்று எதிர்க்கட்சிகள் பதாகை ஏந்தின. 'அவைப் பாதுகாப்பு சபாநாயகரின் பொறுப்பு, பதாகை ஏந்துவது விதிமீறல்' என்றது ஆளும் தரப்பு. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. டிசம்பர் 18-ம் தேதி சஸ்பெண்ட் ஆனவர்களில் வடசென்னை எம்.பி கலாநிதி வீராசாமியும் ஒருவர். அந்தக் கூட்டத்தொடரில் மொத்தம் 146 எம்.பி-க்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

கூட்டத்தொடர் முடிய சில நாள்கள்தானே பாக்கி என்று தோன்றலாம். ஆனால், 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தையே மாற்றிய மூன்று குற்றவியல் மசோதாக்கள் நிறைவேறியது அந்த நாள்களில்தான். டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறி வீடுகளைவிட்டு ஓடியபோது நாடாளுமன்றமே நடக்கவில்லை.

இது ஒரு கட்சியின் பழக்கமல்ல. 1989 மார்ச்சில் ராஜீவ் காந்தி ஆட்சியில் 63 எம்.பி-க்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். தமிழகச் சட்டமன்றத்தில் 2016 ஆகஸ்ட்டில், அ.தி.மு.க ஆட்சியில், தி.மு.க உறுப்பினர்கள் 79 பேர் ஒரு வாரம் நீக்கப்பட்டார்கள். 2024 ஜூனில், தி.மு.க ஆட்சியில், கள்ளக்குறிச்சி விஷச் சாராய விவகாரத்தை எழுப்பிய அ.தி.மு.க-வினர் அந்தக் கூட்டத்தொடர் முழுக்க நீக்கப்பட்டார்கள். நாற்காலி மாறுகிறது, காட்சி மாறவில்லை.

சட்டமும் ஒரு காரணம். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம். விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம்தான். ஆனால், 'எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று நினைக்கும் உறுப்பினரின் கையையும் அது கட்டிப்போடுகிறது.

வடசென்னைக்கு இது ஏன் கூடுதல் வலி? மணலி சுத்திகரிப்பு ஆலையும் காமராஜர் துறைமுகமும் மத்திய பொதுத்துறை நிறுவனங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் மாநில அரசிடம். வல்லூர் அனல்மின் நிலையமோ இரு தரப்பின் கூட்டு முயற்சி. மத்தியும் மாநிலமும் முகம்கொடுத்துப் பேசாவிட்டால், எண்ணூர் கழிமுகத்தைச் சுத்தப்படுத்துவது யார் வேலை என்பதிலேயே காலம் ஓடிவிடும்.

ஒன்றுசேர முடியாதவர்களா இவர்கள்? 2017 ஜனவரி 23-ல் ஜல்லிக்கட்டு மசோதா சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. மெரினாவில் திரண்ட கூட்டம் அதைச் சாத்தியமாக்கியது.

ராயபுரமோ திருவொற்றியூரோ, அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவரிடம், 'எதிர்க்கட்சியை எப்படி வெளுத்தீர்கள்?' என்று கேட்க வேண்டாம். 'அவர்களோடு உட்கார்ந்து பேசி எங்களுக்கு எதை வாங்கித் தந்தீர்கள்?' என்று கேட்போமே!