தையல் பிரிக்கும் வரை மில்லி கணக்கு

கருத்தடை அறுவை முடிந்து மேடவாக்கத்து வீட்டுக்கு வந்த நாயைப் பற்றி எல்லோரும் கேட்பது, “எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு?” என்பதுதான். அந்த எண் ஏமாற்றும். பத்து தடவை உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகும் நாயைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். தடவையை விட்டு மில்லியை எழுதுங்கள்.

15 கிலோ நாட்டு நாய் என்று வைத்துக்கொள்வோம். நலமாக இருக்கும் நாய் மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி. சிறுநீர் கழிக்கும், இதற்கு நாளொன்றுக்கு 360 முதல் 720 மி.லி. வரவுப் பக்கம், கிலோவுக்கு 50–60 மி.லி. வீதம் 750–900 மி.லி. தண்ணீர். தயிர்சாதத்தில் உள்ள நீரும் இதில் சேர்த்தி. அறுவை மேசையில் மணிக்குக் கிலோவுக்கு 5 மி.லி. டிரிப்ஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 75 மி.லி.தான் ஏறும். 500 மி.லி. பாட்டில் முழுவதும் ஏறியிருந்தால் கணக்கே வேறு. எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

மருந்துப் பெயர்களையும் கேளுங்கள். மயக்க மருந்தான சைலசின் போட்டிருந்தால், நீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோன் அடங்கி, சில மணி நேரம் நிறையப் போகும். மார்ஃபின் வகை வலி மருந்து, அதுவும் முதுகுத்தண்டில் போட்டது, சிறுநீர்ப்பை நிறைந்தாலும் இறங்க விடாது. ஸ்டீராய்டு தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். வலி மருந்தான மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் நாளுக்கு 1.5 மி.கி.; நாய் தண்ணீர் குடிக்காமலோ வாந்தி எடுத்துக்கொண்டோ இருந்தால் அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அடுத்த வேளை மருந்துக்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

அளக்க சமையலறை டிஜிட்டல் தராசு போதும். சிறுநீரை உறிஞ்சும் பேடு உலர்ந்திருக்கும்போது 40 கிராம், நனைந்த பின் 190 கிராம் என்றால் போனது ஏறக்குறைய 150 மி.லி. மடித்த நாளிதழிலும் இதைச் செய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கும். தையலிலோ 10–14 நாள் ஈரம் படக்கூடாது; அதனால் வெளியே விட முடியாது. காலி மனைப் புல்லில் பழகிய நாய் டைல்ஸ் தரையில் அடக்கிக்கொண்டு நிற்கும். பால்கனியில் ஒரு தட்டில் மண்ணும் புல்லும் போட்டு வையுங்கள். கழுத்துக் கூம்பு தரையில் இடித்தாலும் உட்காரத் தயங்கும். பக்கத்தில் நின்று கழற்றிவிட்டு, முடிந்ததும் மாட்டுங்கள்.

சிறுநீர் நாளுக்கு 180 மி.லி.க்குக் கீழே போனால், அதாவது மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி.கூட இல்லையென்றால், காத்திருக்கக்கூடாது. முக்கியும் சொட்டுதான், அடிவயிறு பந்துபோல் இறுகியிருக்கிறது என்றால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். டிரிப்ஸும் ஸ்டீராய்டும் இல்லாமல் 750 மி.லி.யைத் தாண்டினாலும் பரிசோதனை வேண்டும். மாதங்கள் கழித்துத் தூங்கும் இடம் நனைவது வேறு விஷயம். கருத்தடை செய்த பெட்டை நாய்களில் சிலவற்றுக்கு, 20 கிலோவுக்கு மேலுள்ளவற்றுக்குக் கூடுதலாக, வருவது, மருந்தில் கட்டுப்படும்.

1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து 20 கி.மீ.க்கு மேல். அங்கே போனாலும், பக்கத்து கிளினிக் போனாலும் மருந்துச் சீட்டும் மில்லி எழுதிய தாளும் கையில் இருக்கட்டும். சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.